பிரசவ அறையில் பாட்டு: வால்யூம் திருகு யார் கையில்?

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று எல்லா வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கும். பழைய வேட்டித் துணி, ஃபிளாஸ்க், டம்ளர், மாற்றுப் புடவை, ஃபைல். இன்று சில பெண்கள் அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்கிறார்கள். வலி வரும் நேரத்தில் கேட்பதற்காகத் தானே தேர்ந்தெடுத்து செல்போனில் சேர்த்து வைத்த பாட்டுகள்!

கேட்டவுடன் வீட்டுப் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். "உசிரு போற வலியில பாட்டு ஒண்ணுதான் குறைச்சலா?" என்பார்கள். இது ஏதோ புதுப் பணக்காரப் பழக்கம் என்றும் தோன்றும். உண்மையில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பி.காம் படிக்கிற பையனுக்குப் பிரசவத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். பிள்ளை பெறும் வலியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அதனால் வரலாற்றோடு நிறுத்திக்கொள்கிறேன் :-)

பார்லிக் கூலிக்கு வந்த பாட்டுக்காரிகள்

பெர்லினில் பாதுகாக்கப்படும் வெஸ்ட்கார் பாப்பிரஸ் என்ற பழைய எகிப்திய ஏட்டில் ஒரு கதை இருக்கிறது. 3,500 ஆண்டுகளுக்கும் முந்தைய ஏடு. ருத்தெதெத் என்ற பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டு பிரசவம் கடினமாகிறது. வயிற்றில் மூன்று குழந்தைகள், மூவரும் எதிர்கால அரசர்கள். அவளுக்கு உதவ இசிஸ், நெஃப்திஸ், மெஸ்கெனெத், ஹெகெத் என்ற நான்கு பெண் தெய்வங்கள் வருகிறார்கள். கூடவே மூட்டை தூக்குபவராகக் க்னூம் என்ற ஆண் தெய்வம்.

எந்த வேடத்தில் வருகிறார்கள் தெரியுமா? ஊர் ஊராகப் போய் ஆடிப் பாடும் பெண்களாக! வாசலில் தவித்துக்கொண்டு நிற்கும் கணவனிடம் "எங்களுக்குப் பிரசவம் பார்க்கத் தெரியும்" என்கிறார்கள். அவன் உடனே உள்ளே விடுகிறான். பிரசவம் முடிந்ததும் கூலியாக ஒரு மூட்டை பார்லி கொடுக்கிறான்.

வலியின்போது அவர்கள் பாடியதாகக் கதையில் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாட்டுக்காரிகள் பிரசவ வீட்டுக்குள் நுழைவது அந்தக் கணவனுக்குக் கொஞ்சமும் விநோதமாகப் படவில்லை. பாட்டும் பிரசவமும் ஒரே கைகளில் இருப்பது அங்கே சாதாரண விஷயம். அந்தக் கைகள் பெண்களுடையவை.

தூளிக்கு அடியில் ஒரு பாடகன்

அடுத்து மத்திய அமெரிக்காவுக்குப் போவோம். பனாமா நாட்டில் குனா என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பிரசவம் சிக்கலாகி மருத்துவச்சியால் முடியாமல் போகும்போது பாடுவதற்கென்றே அவர்களிடம் ஒரு நீண்ட பாட்டு உண்டு. ஹோல்மர், வாசென் என்ற இரண்டு ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1947-ல் அதை அச்சில் வெளியிட்டார்கள். 500-க்கும் மேற்பட்ட அடிகள்.

பாட்டின் கதை இதுதான். கருவை உருவாக்கும் சக்தியின் பெயர் மூ. அந்த மூ அளவு மீறி, தாயின் உயிர்ச்சக்தியையே பிடித்து வைத்துக்கொள்கிறது. பாடுபவர் தன் துணை ஆவிகளோடு மூவின் இருப்பிடத்துக்குப் பயணம் போய், போராடி, அதை மீட்டு வருகிறார். பெண் தூளிப் படுக்கையில் கிடக்க, பாடுபவர் அதன் அடியில் உட்கார்ந்து பாடுவார்.

1949-ல் பிரெஞ்சு மானுடவியலாளர் லெவி ஸ்ட்ராஸ் இந்தப் பாட்டைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பாட்டில் வரும் பாதை வேறு எதுவும் இல்லை, பெண்ணின் உடல்தான் என்றார். அர்த்தமில்லாத வலிக்குப் பாட்டு ஒரு கதையைக் கொடுக்கிறது, அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு உடல் வேலை செய்கிறது என்பது அவர் வாதம்.

அருமையான விளக்கம். ஆனால் பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார்கள். இந்தப் பாட்டுகள் சடங்குக்கே உரிய தனி மொழியில் இருப்பவை. சாதாரணக் குனா பெண்ணுக்கு அதில் பாதிகூடப் புரிந்திருக்காது! அப்படியானால் அவளுக்கு எது உதவியது? வரிகளா? அல்லது "உனக்காக ஒருவர் விடாமல் பாடிக்கொண்டே பக்கத்தில் இருக்கிறார்" என்ற நினைப்பா? இந்தக் கேள்வியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும்.

1914: ஒரு காதில் பஞ்சு, ஒரு காதில் கிராமபோன்

பிரசவம் வீட்டை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது சத்தம் ஒரு தொந்தரவாக மாறிவிட்டது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் 1906 வாக்கில் "அந்தி உறக்கம்" என்ற முறை பிரபலமானது. ஸ்கோபோலமைன், மார்ஃபின் இரண்டையும் ஊசியில் கொடுப்பார்கள். இதில் வலி முழுதாகப் போகாது, வலித்த ஞாபகம்தான் போகும். வெளிச்சமும் சத்தமும் மயக்கத்தைக் கலைக்கும் என்பதால் அறையை இருட்டாக்கி, கண்ணைத் துணியால் மூடி, காதில் எண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்தார்கள். 1914-ல் அமெரிக்கப் பெண்கள் இந்த முறை தங்களுக்கும் வேண்டும் என்று இயக்கமே நடத்தினார்கள். வலியிலிருந்து விடுதலை என்று நம்பிக் கேட்டார்கள். கிடைத்ததோ தன் பிரசவத்தில் தானே இல்லாத நிலை.

அதே 1914-ல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த எவன் ஓ'நீல் கேன் என்ற அறுவை மருத்துவர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஆபரேஷன் அறையில் நோயாளியின் பயத்தைக் குறைக்க கிராமபோன் வைத்திருப்பதைப் பற்றி! (தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்துக்கொண்ட டாக்டர் என்று 1921-ல் பத்திரிகைகளில் வந்தாரே, அவரேதான்.) ஒரே ஆண்டில் ஒரு பக்கம் நோயாளியின் காதை அடைக்கிறார்கள், இன்னொரு பக்கம் அதே காதைச் சிகிச்சைக்கான வாசலாகப் பார்க்கிறார்கள்.

இன்டர்நெட் கனவும் பல் வலியும்

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜே.சி.ஆர். லிக்லைடர் என்ற பெயரை கம்ப்யூட்டர் படிக்கும் நண்பர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1963-ல் உலகக் கணினிகளை இணைப்பது பற்றிக் குறிப்பு எழுதி, இன்டர்நெட்டுக்கு வித்திட்டவர்களில் ஒருவர். அதற்கு முன் அவர் காதைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர். 1959-ல் வாலஸ் கார்ட்னர் என்ற பல் மருத்துவரோடு சேர்ந்து ஒரு கருவியைப் பற்றி எழுதினார்.

நோயாளி ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வார். கையில் ஒரு சின்னப் பெட்டி. முதலில் மனம் தளர இசை. வலி வரும்போது பெட்டியைத் திருகினால், ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ போல "ஷ்ஷ்ஷ்" என்று இரைச்சல் ஏறும். பல பேருக்கு மயக்க ஊசியே தேவைப்படவில்லை என்று செய்தி பரவியது. விரைவில் இந்த முறை பிரசவ அறைக்கும் வந்தது. 1964-ல் பிரசவ வலிக்கு இதைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு அமெரிக்க மகப்பேறு இதழ் ஒன்றில் வெளியானது.

ஆனால் கருவி நிலைக்கவில்லை. ஏன்? 1963-ல் ரொனால்ட் மெல்சாக் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களைக் குளிர்ந்த நீரில் கையை வைத்திருக்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு இசையும் இரைச்சலும் கொடுத்து, "இது வலியைக் குறைக்கும்" என்று உறுதியாகவும் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு ஒலி மட்டும். மூன்றாவது குழுவுக்கு அந்த உறுதிமொழியோடு வெறும் மெல்லிய ரீங்காரம். முதல் குழு மட்டும்தான் கூடுதல் நேரம் தாங்கியது. ஒலி மட்டும் போதவில்லை, வார்த்தை மட்டும் போதவில்லை, இரண்டும் சேர்ந்தபோதுதான் வேலை செய்தது!

குனா பாட்டின் கேள்விக்கு இங்கே ஒரு பதில் கிடைக்கிறது, கவனித்தீர்களா? பாட்டு தனியாக மருந்து ஆகாது. அதோடு ஒரு நம்பிக்கையும், அந்த நம்பிக்கையைத் தரும் ஒரு மனிதரும் வேண்டும். இதே மெல்சாக்தான் 1965-ல் பேட்ரிக் வாலுடன் சேர்ந்து "வலிக்கு முதுகுத் தண்டில் ஒரு கதவு உண்டு, மனம் அதைக் கொஞ்சம் மூட முடியும்" என்ற பொருளில் புகழ்பெற்ற கோட்பாட்டை வெளியிட்டார்.

கேட்பவள் பாடகியானபோது

பாரிசுக்குத் தெற்கே பிதிவியே என்ற சிறிய ஊர். அங்கே அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவை மிஷேல் ஓடன் என்ற மருத்துவர் 1985 வரை நடத்தினார். அவர் கொண்டுவந்த மாற்றங்களில் ஒன்று பியானோ. மரி லூயீஸ் ஓஷே என்ற பாடகி வந்து பியானோ முன்னால் உட்கார, கர்ப்பிணிகளும் கணவர்களும் மருத்துவச்சிகளும் சுற்றி நின்று பாடுவார்கள். யாரும் வித்வான் இல்லை. இதில் மூச்சுப் பயிற்சி ஒரு லாபம். பிரசவம் பார்க்கப் போகும் ஆளோடு முன்பே சேர்ந்து பாடியிருப்பது அதைவிடப் பெரிய லாபம்.

ஆனால் பிரசவ நேரத்தில் ஓடன் வலியுறுத்தியது மங்கிய வெளிச்சத்தையும், அமைதியையும், யாரும் உற்றுப் பார்க்காத தனிமையையும்தான். பாட்டே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வுதானே?

1979-ல் சோனி வாக்மேன் வந்ததும் பாட்டு ஒருவரின் காதுக்குள்ளேயே அடங்கியது. 1983-ல் அமெரிக்க இசைச் சிகிச்சையாளர் சுசேன் ஹான்சர் குழு ஏழே ஏழு பெண்களிடம், வலி நேரத்தில் இசை உள்ளபோதும் இல்லாதபோதும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஏழு பேரிடமும் இசை ஒலித்தபோது வலியின் அறிகுறிகள் குறைவாகத் தெரிந்தன. 2003-ல் தாய்லாந்தில் முதல் பிரசவத்துக்கு வந்த 110 பெண்களிடம் பெரிய ஆய்வு நடந்தது. மூன்று மணி நேரம் மென்மையான, வரிகள் இல்லாத இசை கேட்டவர்களுக்கு வலியும் தவிப்பும் குறைவாக இருந்தன. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் ஆதாரத்தின் தரம் இன்னும் குறைவு என்றுதான் சொல்கிறார்கள். அதையும் மறைக்கக் கூடாது. மயக்க ஊசிக்குப் பதில் பாட்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2018-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதலில், வலி குறைக்க உதவி கேட்கும் பெண்களுக்கான வழிகளில் இசைக்கும் இடம் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: அந்தப் பெண்ணின் விருப்பப்படி.

கடைசியாக

இந்த வரலாற்றைக் கணக்குப் புத்தகம் போல இரண்டு பக்கமாக எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் என்ன பாட்டு, எந்த ராகம், எந்தக் கருவி என்பது. அந்தப் பக்கத்தில் ஊருக்கு ஊர் எல்லாமே மாறிக்கொண்டே இருக்கிறது. மறுபக்கம் இரண்டே வரிகள்தான். பக்கத்தில் யார் இருந்தார்கள்? திருகு யார் கையில் இருந்தது? லிக்லைடரின் கருவி மறைந்துவிட்டது. ஆனால் பெட்டியை நோயாளியின் கையில் கொடுத்தாரே, அதுதான் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது.

பிரசவ அறையில் வலி தாங்காமல் கத்தியதற்காகத் திட்டு வாங்கிய கதையை நம் வீட்டுப் பெண்கள் சொல்லி நீங்களும் கேட்டிருப்பீர்கள். கத்தக்கூட உரிமை இல்லாத இடத்தில் பாட்டைத் தேர்ந்தெடுப்பது ஆடம்பரமாகத்தான் தெரியும். நம் நாட்டிலேயே அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது 2016-ல்தான்!

ஆகவே உங்கள் அக்காவோ அண்ணியோ பிரசவப் பட்டியலில் பாட்டையும் எழுதினால் சிரிக்காதீர்கள். அது இளையராஜாவா, கந்த சஷ்டி கவசமா, அல்லது ஒன்றுமே வேண்டாமா என்று அவரையே கேளுங்கள். பாதியில் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். ஹெட்ஃபோனுக்கு சார்ஜ் போட்டு வைப்பது உங்கள் வேலை. திருகு மட்டும் அவர் கையிலேயே இருக்கட்டும்.