எண் எனும் தெய்வம்

எண்ணிக்கை தோட்ட மக்களுக்குப் புதியதன்று. எங்கள் கோலா சுங்கை பாருப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலும் விடியுமுன் பெரட்டில் ஆள் எண்ணினர். வெயில் ஏறியதும் பால் நிறுத்தனர். எண்ணால் நன்மையும் விளைந்ததுண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது.

1988இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது. காலப்போக்கில் தமிழ்ப்பள்ளிகளில் '7ஏ' என்பது வேதவாக்காயிற்று. கோவில்களில் எழுதுகோலுக்குக்கூடப் பூசை நடந்தது! பள்ளியின் சராசரித் தரம் என்ற ஓர் எண்ணே அதன் மதிப்பைத் தீர்மானித்தது.

2020இல் கொரோனாவால் அத்தேர்வு நடைபெறவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் ஏ லெவல் தேர்வும் நின்றது. அங்கோ கணினிக் கணக்குமுறை ஒன்று தரம் வழங்கியது. ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கப்பட்டன. பள்ளியின் முந்தைய ஆண்டுத் தேர்ச்சியும் மாணவனுக்கு அளவுகோலானதே காரணம். மாணவர்கள் தெருவில் இறங்கினர். ஆகஸ்டு 17ஆம் நாள் அரசு அதனைக் கைவிட்டது.

அக்கணக்கு இங்கு வந்திருந்தால், தோட்டப் பள்ளிப் பிள்ளையின் தலையில் அவனுடைய அண்ணன்மார் வாங்கிய புள்ளிகளன்றோ எழுதப்பட்டிருக்கும்?

2021இல் யு.பி.எஸ்.ஆர். அகற்றப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் 6 நிலைகள் உள்ளன. பெற்றோர் முதலில் கேட்பது, "டீச்சர், 6 கிடைச்சதா?"