வெள்ளைக்குள் ஒளிந்த வெள்ளை: நம் ஊர்ப் பஞ்சாலைகளும் வெளிச்சமும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் சேலை எடுக்கப் போகும் பெண்கள், பிடித்த சேலையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து விரித்துப் பார்ப்பார்கள். டியூப்லைட்டில் ஒரு நிறம், பகலில் ஒரு நிறம் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் பஞ்சாலைகளின் வரலாற்றிலும் இதே சங்கதி உண்டு.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அந்தக் காலத்துப் பஞ்சாலைகள் பலவற்றின் கூரை ரம்பப் பல் போல இருக்கும்; கண்ணாடிகள் வடக்கு பார்த்திருக்கும். நேர் வெயில் படாமல் சீரான வெளிச்சம் கிடைக்க இங்கிலாந்தில் கண்ட வழி அது. பஞ்சைத் தரம் பிரிப்பவர்களும் வடக்கு வெளிச்சத்தையே நம்பினார்கள். ஆனால் நம் ஊர் இருப்பது சுமார் 9.5 பாகை வடக்கில். சித்திரை முதல் ஆவணி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். அங்கே சரியான கணக்கு இங்கே முழுதாகப் பொருந்தாது!

பேலைப் பிரித்ததும் பஞ்சில் கலந்த முடி, சணல், கலர் நூல் எல்லாவற்றையும் பெண்கள் கையால் பொறுக்குவார்கள். உரச்சாக்கு பாலிபுரொப்பிலீனின் வெள்ளை இழைதான் கண்ணுக்குத் தப்பிவிடும். அது சாயம் ஏற்காது. நூலாகி, துணியாகி, சாயம் போட்ட பிறகு வெள்ளைக் கோடாகப் பல்லிளிக்கும். மொத்தத் துணியும் திரும்பி வரும். 2000இல் மத்திய அரசு தொடங்கிய பருத்தித் தொழில்நுட்ப இயக்கத்தின் நோக்கங்களில் இந்தக் கலப்படத்தைக் குறைப்பதும் ஒன்று.

இப்போது கேமரா பார்க்கிறது. கழிவு கண்ணில் பட்டதும் காற்றை ஊதித் தள்ளுகிறது. ஆனால் கேமராவுக்கும் ஒரே வெளிச்சம் போதவில்லை. கலர் நூலுக்குச் சாதாரண விளக்கு. வெண்மையூட்டிய துணித்துண்டு புறஊதா ஒளியில் நீலமாக மின்னும். மின்னாத பாலிபுரொப்பிலீனைப் பிடிக்க முனைவாக்கப்பட்ட ஒளி. விளக்கு மங்கினாலோ கண்ணாடியில் பஞ்சுத்தூசி படிந்தாலோ கழிவு தப்பும், நல்ல பஞ்சு வெளியே போகும்.

இயந்திரம் தவறினால் உடனே விளக்கைப் பார்க்கிறோம். அந்தப் பெண்கள் ஓர் இழையைத் தவறவிட்டபோது அவர்கள் கண்ணைத்தானே குறை சொன்னோம்? வெளிச்சத்தை யார் பார்த்தார்கள்?

பஞ்சு பொறுக்கும் வேலை பார்த்த அம்மாக்கள், அக்காக்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டு, கீழே எழுதுங்கள். அதுவும் நம் ஊர் வரலாறுதான்.