விளக்கு அணைந்தது, வால்வு மூடவில்லை

சர்வோ மோட்டார் என்ற பெயருக்குள்ளே ஓர் அடிமை ஒளிந்திருக்கிறான். இலத்தீன் மொழியில் 'சர்வுஸ்' என்றால் அடிமை. ஜோசப் ஃபார்க்கோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1873-ல் வெளியிட்ட நூலில், தன் கருவியை சர்வோ மோட்டார் என்றும் அடிமைப்பட்ட மோட்டார் என்றும் அழைத்தார். எஜமானின் கை எவ்வளவு அசைகிறதோ அவ்வளவே அசையும், கை நின்றால் தானும் நிற்கும். பலம் மட்டும் யானை பலம்! இன்று தொழிற்சாலைகளில் ரசாயனத்தையும் எண்ணெயையும் அளந்து தள்ளும் பம்புகளை ஓட்டுகிற சர்வோ மோட்டார்களும் இதே வம்சம்தான்.

பெயர் வைத்தவர் ஃபார்க்கோ என்றாலும், இந்த யோசனை அவருக்கு முன்பே கடலில் மிதந்துகொண்டிருந்தது. 1858-ல் நீரில் இறக்கப்பட்ட 'கிரேட் ஈஸ்டர்ன்' அன்றைய உலகின் மிகப் பெரிய கப்பல், நீளம் 211 மீட்டர். கடல் கொந்தளித்தால் அதன் சுக்கானைத் திருப்ப ஒரு கூட்டமே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு போராட வேண்டும். ஜான் மக்ஃபார்லேன் கிரே என்பவர் 1866-ல் காப்புரிமை பெற்ற நீராவி இயந்திரம் அந்த வேலையை ஒரே ஆள் கையில் கொடுத்தது. மாலுமி சின்னச் சக்கரத்தைத் திருப்புவார்; நீராவி வால்வு திறக்கும்; நீராவி சுக்கானைத் தள்ளும். சுக்கான் நகர நகர, அந்த நகர்வே இணைப்புக் கம்பிகள் வழியாகத் திரும்பி வந்து அதே வால்வை மூடிக்கொண்டே வரும். கேட்ட கோணம் வந்ததும் நீராவி முழுவதுமாக நின்றுவிடும்.

மொத்தத் தந்திரமும் இந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. கட்டளை கீழே போகிறது, செய்தி மேலே வருகிறது. இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். இது இல்லாவிட்டால் அது வெறும் பலசாலி மோட்டார், சர்வோ அல்ல.

வணிகவியல் மாணவர்களுக்கு இது தெரிந்த கதைதான். காசோலையைக் கொடுத்த அன்றே ரொக்க ஏட்டில் பதிவு விழுந்துவிடும். ஆனால் வங்கியிலிருந்து பணம் உண்மையில் போனதா என்பது பாஸ்புக்கைப் பார்த்தால்தான் தெரியும். இரண்டும் ஒத்துப்போகாதபோது போடுவதுதான் வங்கிச் சரிகட்டும் பட்டியல். சர்வோ மோட்டார் அந்தப் பட்டியலை ஒவ்வொரு நொடியும் பல நூறு முறை போட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மோட்டாரின் தண்டில் உள்ள 'என்கோடர்' என்ற கருவி, தண்டு எவ்வளவு சுற்றியது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்டதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, கட்டுப்படுத்தி அதைச் சரிசெய்யும். இந்தத் திருத்தத்தை எவ்வளவு, எப்படிச் செய்வது என்ற கணக்கும் கப்பலிலிருந்துதான் வந்தது. நல்ல மாலுமிகள் சுக்கானை எப்படித் திருப்புகிறார்கள் என்பதைக் கருத்தில் கொண்டு நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922-ல் எழுதிய கட்டுரையே, இன்று ஆலைகள் எங்கும் புழங்கும் பி.ஐ.டி. முறைக்கு அடிப்படை.

சரி, செய்தி மேலே வராமல் போனால் என்ன ஆகும்? அதற்கு ஒரு பெரிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது.

பென்சில்வேனியா மாநிலத்தில் சஸ்குவஹன்னா ஆற்றின் நடுவே உள்ள தீவு திரீ மைல் ஐலண்ட். அங்குள்ள அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில், 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணிக்கு, நீராவி உற்பத்திக் கலன்களுக்கு நீர் ஊட்டும் முதன்மைப் பம்புகள் நின்றன. மாற்றுப் பம்புகள் தாமாகவே ஓடத் தொடங்கின. ஆனால் அவற்றின் குழாய்களில் இருந்த வால்வுகள் பராமரிப்பு வேலைக்குப் பின் மூடியே கிடந்தன. பம்பு ஓடுகிறது, தண்ணீர் போகவில்லை! இதைக் கண்டுபிடிக்க எட்டு நிமிடம் ஆனது.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் வேறு இடத்தில் நடந்தது. வெப்பம் வெளியேற வழியில்லாததால் உலைக் குழாய்களில் அழுத்தம் ஏறியது. அதைத் தணிக்க மேலே இருந்த நிவாரண வால்வு திறந்தது. சில நொடிகளில் அழுத்தம் இறங்கியதும், வால்வை மூடுவதற்காக அதன் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. கட்டுப்பாட்டு அறையில் விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கு வால்வோடு இணைக்கப்பட்டதே இல்லை. வால்வுக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டுமே அது காட்டியது. வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது, உலையைக் குளிர்விக்க வேண்டிய நீர் அதன் வழியே ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு நிமிடத்தில் அவசர நீர்ப் பம்புகள் தாமாகவே ஓடத் தொடங்கி, வெளியேறிய நீரை ஈடுகட்ட முயன்றன. இயந்திரங்கள் அந்த நேரத்தில் சரியாகத்தான் நடந்துகொண்டன. ஆனால் நீர்மட்டம் காட்டும் கருவியில் முள் ஏறிக்கொண்டே போனதால், குழாய்களில் நீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்த ஊழியர்கள் ஒரு பம்பை நிறுத்தி, இன்னொன்றின் ஓட்டத்தையும் குறைத்தார்கள். நீரும் ஆவியும் கலந்து வந்ததால் உலைக்குள் நீரைச் சுழற்றும் பெரிய பம்புகள் அதிரத் தொடங்கின. அவை கெட்டுவிடும் என்று பயந்து 5.14-க்கு இரண்டையும், 5.41-க்கு மீதி இரண்டையும் நிறுத்தினார்கள். நிவாரண வால்வுக்குப் பின்னால் இருந்த குழாயின் வெப்பமானி உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த வால்வு முன்பே லேசாகக் கசிந்து வந்ததால், அதிக வெப்பம் அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. 6.22-க்குத்தான் அந்தப் பாதை அடைக்கப்பட்டது. உலையின் எரிபொருள் பகுதியில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது.

ஊழியர்களை முட்டாள்கள் என்று சொல்வது எளிது. முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகள் அலறிய அறை அது. பொய்யான பாஸ்புக்கை வைத்துக்கொண்டு யார் கணக்கைச் சரிகட்ட முடியும்?

இதில் வேதனையான விஷயம் ஒன்று உண்டு. ஒன்றரை வருடத்துக்கு முன்பு, 1977 செப்டம்பரில், ஓஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ் நிலையத்திலும் இதேபோன்ற வால்வு திறந்தபடி சிக்கியது. அங்கே உலை மிகக் குறைந்த சக்தியில் ஓடிக்கொண்டிருந்தது, ஊழியர்களும் 20 நிமிடங்களில் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த அனுபவம் திரீ மைல் ஐலண்ட் ஊழியர்களை எச்சரிக்கும் வகையில் போய்ச் சேரவில்லை. விபத்தை விசாரித்த குழுவின் தலைவர் ஜான் கெமெனி (பேசிக் கணினி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர் இவர்தான்) தன் அறிக்கையில் இதையும் சேர்த்தே பேசினார். துப்புரவுப் பணி 1993 வரை நடந்தது, செலவு ஏறக்குறைய 100 கோடி டாலர். ஒரு விளக்கின் ஒயரை வேறு இடத்தில் இணைத்திருந்தால் மிச்சமாகியிருக்கக்கூடிய தொகை!

அதன் பிறகு அமெரிக்க அணுமின் நிலையங்களில் நிவாரண வால்வு உண்மையில் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை நேரடியாகக் காட்டும் ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது.

சாதாரண ஆலைப் பம்புக்கும் இதே கேள்விதான். சர்வோ மோட்டாரின் என்கோடர், தண்டு சுற்றியது என்று மட்டும்தான் சொல்லும். பம்பையும் மோட்டாரையும் சேர்க்கும் இணைப்பு உடைந்தாலும், குழாயில் காற்று புகுந்தாலும், தண்டு ஒழுங்காகச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதனால் கவனமாக வடிவமைப்பவர்கள் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையும் பார்ப்பார்கள். தள்ளுவதற்குத் திரவம் இல்லாதபோது சுமை குறைந்து மின்னோட்டம் சட்டென்று இறங்கும், உடனே பம்பை நிறுத்திவிடலாம். அதற்கும் மேலாக, குழாயிலேயே ஓட்டமானி ஒன்றைப் பொருத்தி, உண்மையில் எத்தனை லிட்டர் போனது என்று திரவத்திடமே கேட்டுக்கொள்வார்கள்.