பிரீமேசன் சபையும் அதன் அறநிதியும்

திருவள்ளுவனார் அறத்துப்பாலில் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமும், அதனை அடுத்து ஈகை என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவே ஆகவும் இரண்டாக வகுத்தது என்னையெனின், ஒருங்கு வாழ்வார் தம்முள் ஒருவர்க்கொருவர் உதவும் கடப்பாடு வேறு, இல்லையென்று வந்து நின்றானுக்கு இரங்கி அளித்தல் வேறு என்பதனாலேயாம். அம்மட்டோ! பொருட்பாலின் கடைப்பகுதியில் இரவு என்றும் இரவச்சம் என்றும் இரண்டு அதிகாரங்களை வைத்து, கொடுப்பான் பக்கத்தை ஆராய்ந்ததுபோலவே வாங்குவான் நெஞ்சையும் ஆராய்ந்தார். பொதுநிதி ஒன்றை வைத்து நடத்துவார் இந்நான்கு அதிகாரங்களையும் ஒருசேரக் கற்றல் நன்று.

நம் சங்கத்தின் கல்வி நிதியையும் நலிந்தோர் நிதியையும் எவ்வாறு நடத்துதல் தகும் என்று அன்பர் பலர் வினவி வருகின்றனர். இவ்வினாவை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டு, சில இடங்களில் செம்மையாகவும் சில இடங்களில் கோணலாகவும் விடை கண்ட ஒரு கூட்டத்தாரின் வரலாறு நமக்குப் பயன்படும் என்று கருதி, அதனை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர்களே பிரீமேசன் சபையார்.

பிரீமேசன் என்றவுடன் பலர்க்கு இருள் சூழ்ந்த மண்டபமும், கைகுலுக்கும் இரகசியக் குறிகளுமே நினைவுக்கு வரும். வடநாட்டில் அவர்கள் கூடும் கட்டடத்தை ‘ஜாதூகர்’, அதாவது மாயவித்தை வீடு, என்றே பொதுமக்கள் வழங்கினர். அக்குறிகளைப் பற்றி எழுதினோர் மிகப் பலர். அவர்களுடைய கணக்குப் புத்தகத்தைப் பற்றி எழுதினோர் சிலரே. நமக்கு வேண்டுவது கணக்குப் புத்தகம்.

மேசன் என்னும் சொல் கட்டடம் கட்டும் கற்றச்சரைக் குறிக்கும். பண்டைக்காலத்து இங்கிலாந்திலும் ஸ்காத்லாந்திலும் கற்றச்சர் தமக்கென லாட்ஜ் எனப்படும் கூட்டங்கள் அமைத்து, தொழில்முறையையும் கூலியையும் காத்துவந்தனர். ஸ்காத்லாந்தில் அபர்தீன் நகரத்து லாட்ஜினர் 1670-ஆம் ஆண்டில் எழுதிவைத்த விதிகளில் ஏழையர்க்கென ஒரு பொதுப்பெட்டி பேசப்படுகின்றது. தொழிலாளர்க்கு அப்பெட்டியின் அருமை சொல்லாமலே விளங்கும். சாரத்தினின்று வீழ்ந்து கால் முறிந்தவன் வீட்டில் அடுப்பெரிய அதுவே துணை. காலப்போக்கில் உளியைத் தொட்டறியாத பிரபுக்களும் வணிகரும் மருத்துவரும் இக்கூட்டங்களில் சேரலாயினர். தொழில் போயிற்று, சடங்கும் பெட்டியும் எஞ்சின.

இலண்டன் மாநகரிலிருந்த நான்கு லாட்ஜுகள் ஒன்றுகூடி 1717-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் பெருஞ்சபை ஒன்றை நிறுவின என்றும், ஆண்டனி சேயர் என்பார் முதற் பெருந்தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார் என்றும் அச்சபையார் வழிவழியாகக் கூறுவர். அண்மைக்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் அந்நிகழ்ச்சியை 1721-க்குத் தள்ளுவர். அவ்வழக்கில் நாம் தலையிடவேண்டுவதில்லை. நமக்குரிய செய்தி 1724-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தொடங்குகின்றது.

அம்மாதத்திற் கூடிய பெருஞ்சபையில், முன்னாட் பெருந்தலைவராகிய டால்கீத் பிரபு ஒரு தீர்மானத்தைக் கொணர்ந்தார். ஒவ்வொரு லாட்ஜும் தன் ஆற்றலுக்கேற்பப் பணம் திரட்டுக. அதனை ஒரு பொருளாளர் கையில் பொதுமுதலாக ஒப்படைக்க. துன்புற்ற உறுப்பினர்க்கு, அவர்தம் லாட்ஜின் பரிந்துரையின்மேல், அம்முதலிலிருந்து உதவுக என்பதே அதன் சாரம். இத்தீர்மானத்தின் நுட்பத்தை அன்பர்கள் ஊன்றி நோக்கல் வேண்டும். அச்சபையிற் செல்வர்க்குக் குறைவில்லை. டால்கீத் பிரபு தாமே பெருஞ்செல்வர். ஒரு பிரபுவின் வாயிலில் ஓர் ஏழை உறுப்பினன் சென்று நின்றால் ஒரு கினி கிடைத்திருக்கும். ஆயினும் அன்றுமுதல் அவர் ஆண்டையும் இவன் அடியானும் ஆவர். லாட்ஜில் இருவரும் சமமாக அமர்ந்த பெருமை அவ்வொரு கினியோடு ஒழிந்துபோம். பொதுமுதலிலிருந்து பெறுவானோ ஒருவர் முகத்தையும் பார்க்கவேண்டுவதில்லை. தானும் ஒருகாலத்து அதில் காசிட்டவன் என்னும் உரிமையும் அவனுக்கு உண்டு. வள்ளுவனார் ஈகையினின்று ஒப்புரவைப் பிரித்தது இப்பொருட்டே போலும்.

தீர்மானம் எளிதில் நிறைவேறிற்று. பணமோ எளிதில் வந்து சேரவில்லை. எச்சங்கத்தும் இஃது இயல்பே! குழு அமைத்து, விதி வகுத்து, பணம் சேரத் தொடங்குவதற்குள் ஆண்டுகள் சில கழிந்தன.

அந்நிதியின் கதவைத் தட்டினவர் யாவரென நோக்கின் வியப்பு மிகும். 1724 நவம்பரில் அத்தீர்மானம் வந்த அப்பொழுதே, உதவி வேண்டி ஒரு விண்ணப்பமும் சபைமுன் படிக்கப்பட்டது. விண்ணப்பித்தவர் முதற் பெருந்தலைவராகிய அவ்வாண்டனி சேயரே! ஏழாண்டுகளுக்குள் அவர் வறுமையுற்றார். 1730-இல் மீண்டும் விண்ணப்பித்தார். பொதுநிதியிலிருந்து பதினைந்து பவுன் அளிக்கப்பெற்றார். அக்காலத்தில் அஃது ஒரு கூலியாளின் பல மாதச் சம்பாத்தியத்துக்கு ஒப்பாகும். அதே ஆண்டிலேயே, விதிக்கு மாறாக உறுப்பினரைச் சேர்த்தார் என்று அவர்மேல் ஒரு குற்றச்சாட்டும் எழுந்தது. சபையார் விசாரித்து, அது முறைகேடேயன்றி வஞ்சகமன்று என்று தீர்த்தனர். முறைகேடு செய்தான் என்று சொல்லி ஏழையின் பெயரை அடித்துவிடுதல் நிதியாளர்க்கு எளிது. சேயர் பெயரை அவர்கள் அடித்துவிடவில்லை. 1741-இல் அவர்க்கு இரண்டு கினி கிடைத்தது.

இறுதிக்காலத்தில் அவர் ஓர் லாட்ஜின் வாயிற்காவலராக இருந்தார். கூட்டம் நடக்கும்போது அயலார் புகாவண்ணம் வாளேந்திக் கதவுக்கு வெளியே நிற்பது அவ்வேலை. அதற்குக் கூலியுண்டு. தலைமையிருக்கையில் வீற்றிருந்தவர் வாயிலில் நின்று பிழைத்தார். இதனை இழிவென்று கருதுவாரும் உளர். யான் அவ்வாறு கருதவில்லை. அவர்க்கு ஏற்றதொரு வேலையைத் தந்து, கூலியாகவே பணத்தைக் கொடுத்தது உதவியினும் சிறந்த உதவியாம். 1742 ஜனவரியில் அவர் கோவென்ட் கார்டன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டபோது, சபையைச் சேர்ந்த பெருமக்கள் பலர் உடலைப் பின்தொடர்ந்து சென்றனர். நிதியினின்று காசு பெற்றதனால் அவர் மதிப்பு ஒரு முழமும் குறையவில்லை என்பதற்கு அவ்வூர்வலமே சான்று.

பிற்காலத்தில் நிலைபெற்ற அவர்களுடைய சடங்கிலும் இக்கருத்தே உருவம் பெற்றுள்ளது. புதிதாகச் சேர்வானிடம் உள்ள காசையும் உலோகப்பொருள்கள் அனைத்தையும் மண்டபத்துட் புகுமுன்னரே கழற்றி வாங்கிவிடுவர். உறுதிமொழி முடிந்தபின் அவனை வடகிழக்கு மூலையில் நிறுத்தி, ஏழையர்க்காக ஏதேனும் இடுக என்று கேட்பர். கொடுக்க மனமிருந்தும் கையில் ஒன்றுமின்றி அவன் விழிப்பான். அப்பொழுது, இந்நிலையை நினைவிற்கொள்க. வறிய உடன்பிறப்பு எதிர்ப்படுங்கால் நீயும் ஒருநாள் வெறுங்கையனாய் இங்கு நின்றாய் என்பதை மறவற்க என்று அறிவுறுத்துவர். உடன்பிறப்பன்பு, துயர்துடைத்தல், வாய்மை என்பன அவர்தம் மூன்று கொள்கைகள். அவற்றுள் இரண்டாவதனைச் சொல்லால் அன்றி நாணத்தால் கற்பிக்கும் இம்முறை மிக நுட்பமானது. இரவச்சத்தை ஒருகணம் தானே நுகர்ந்தவன் இரப்பானை இகழான்.

இனி, கோணலான பகுதியைச் சொல்வோம்.

பார்த்தலோமியோ ருஸ்பினி என்பார் இத்தாலியிற் பிறந்து இலண்டனில் குடியேறிய பல் மருத்துவர். வேல்ஸ் இளவரசர்க்கே பல் பார்த்தவர். அவர் முயற்சியால் 1788-இல், இறந்த அல்லது நொடித்த மேசன்களின் பெண்மக்களுக்கென ஒரு பாடசாலை நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டின் முதல்நாளில் பதினைந்து சிறுமியரோடு அது தொடங்கிற்று. தம் மனைவியரை மண்டபத்தின் வாயிற்படியும் மிதிக்கவிடாத சபை, முதன்முதலில் பெண்குழந்தைகட்கே பள்ளி கண்டமை குறிக்கத்தக்கது. ஆண்குழந்தைகட்கான அறநிலையம் பத்தாண்டு கழித்து, 1798-இல் வந்தது. முதியோர்க்குரியது 1842-இல் தோன்றிற்று.

இதுவரை நன்று. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில், விண்ணப்பித்த குழந்தைகள் பலராகவும் இடங்கள் சிலவாகவும் ஆயினமையால், யாரைச் சேர்ப்பது என்பதை வாக்கினால் தீர்க்கும் வழக்கம் வேரூன்றிற்று. அந்நாட்டு அறநிலையங்கள் பலவற்றில் இருந்த வழக்கமே அது. நன்கொடையாளர் ஒவ்வொருவர்க்கும் அவர் கொடுத்த தொகைக்கேற்ப வாக்குகள் உண்டு. தந்தையை இழந்த குழந்தையின் தாயும் சுற்றத்தாரும் தம் துயர்க்கதையை அட்டைகளில் அச்சிட்டு, முன்பின் அறியாத நன்கொடையாளர்க்கெல்லாம் அனுப்பி, வாக்குப்பிச்சை கேட்கலாயினர். செல்வாக்குள்ள லாட்ஜின் ஆதரவு பெற்ற குழந்தை வென்றது. ஆதரவற்ற குழந்தையோ, அதாவது உதவி மிக வேண்டுவது எதுவோ அது, தோற்று அடுத்த தேர்தலுக்குக் காத்திருந்தது; வயது கடந்தால் வாய்ப்பும் கடந்தது. ஒரு குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினாற் போதும் என்று 1724-இல் வகுத்தவர்களின் வழியினரே, ஒரு கைம்பெண்ணை ஆயிரம் வாயில்களில் நிற்கவைத்தனர். இத்தகைய வாக்குமுறையைக் கண்டித்து 1870-களில் இங்கிலாந்தில் தனிச்சங்கமே தோன்றிற்று என்றால் அதன் கொடுமை விளங்கும்.

நம் சங்கத்தில் வாக்குமுறை இல்லை. எனினும் நம் இதழில், நன்கொடை அளித்தார் பெயர்களுக்குக் கீழே, உதவிபெற்ற மாணாக்கரின் பெயரும் தந்தை பெயரும் ஊரும் ஆண்டுதோறும் அச்சாகின்றன. கணக்கு வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்னும் நல்லெண்ணத்தாலேயே அது நடைபெறுகின்றது என்பதை அறிவேன். ஆயினும் அவ்விதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவனை உடன்மாணாக்கர் நகைத்ததை ஆசிரியனாகிய யான் கண்டுள்ளேன். தொகையும் எண்ணிக்கையும் அச்சிட்டு, பெயர்ப்பட்டியைத் தணிக்கையாளர் கையில் வைத்தால் ஆகாதோ? செயற்குழுவினர் ஆராய்வாராக.

மேசன்களின் பிற்கால நிலையங்களை விரித்தல் வேண்டா. இலண்டனில் அவர்கள் கட்டிய பெரிய மருத்துவமனையை 1933-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்தார். 1948 முதல் அரசாங்கமே யாவர்க்கும் மருத்துவம் அளிக்கவே அதன் தேவை சுருங்கி, அந்நூற்றாண்டு முடியுமுன் அது மூடப்பட்டது. ஆண்மக்கள் பாடசாலை 1977-இல் முடிந்தது. பெண்கள் பாடசாலை புறத்தாரையும் சேர்த்துக்கொண்டு இன்றும் நடக்கின்றது. 2016-இல் நான்கு அறநிலையங்களை ஒன்றாக்கினர். மேசன் அல்லாதார்க்கும் இன்று அதிலிருந்து உதவி செல்கின்றது.

இதனினும் கடினமான வினா ஒன்றுண்டு. உடன்பிறப்புக்கு உதவுக என்று விதித்தாயிற்று, உடன்பிறப்பு யார்? இவ்வினா முதலில் அமெரிக்காவில் எழுந்தது. பாஸ்டன் நகரில் 1775 மார்ச்சில், பிரின்ஸ் ஹால் என்னும் கறுப்பினத்தவரும் அவரோடு பதினால்வரும் பிரிட்டிஷ் படையிலிருந்த ஓர் அயர்லாந்து லாட்ஜின் வழியே மேசன்களாயினர். அவ்வூர் வெள்ளை மேசன்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாமையால், இலண்டனுக்கு எழுதி 1784-ஆம் ஆண்டிட்ட உரிமைப்பத்திரம் பெற்றுத் தம் லாட்ஜை நடத்தினர். ஏழையராகிய அவர்கள் கடல்கடந்த இலண்டன் அறநிதிக்குத் தம் பங்கையும் அனுப்பினர்! 1788-இல் பாஸ்டனில் கறுப்பின உரிமையாளர் மூவர் வஞ்சகமாகக் கப்பலேற்றப்பட்டு, அடிமைகளாக விற்கப்படக் கரிபியத் தீவொன்றிற்குக் கொண்டுபோகப்பட்டனர். பிரின்ஸ் ஹாலும் அவர் கூட்டத்தாரும் சட்டசபைக்கு விண்ணப்பித்தனர், அவ்வாண்டே அடிமை வாணிகத்தைத் தடுக்கும் சட்டம் அம்மாநிலத்தில் வந்தது, மூவரும் மீண்டனர். அவருள் ஒருவர் மேசன் என்றும், வாங்க வந்த வணிகரும் மேசனாக இருந்தமையால் அவர்க்கு அத்தீவில் ஆதரவு கிடைத்தது என்றும் அக்காலத்தார் ஒருவர் எழுதிவைத்துள்ளார். இத்துணை செய்த லாட்ஜின் பெயரை 1813-க்குப் பின் இலண்டன் சபை தன் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிட்டது. அவ்வழியினரை அது மீண்டும் ஏற்றது 1994-இல்.

நம் நாட்டிலும் அவ்வினா எழாமலில்லை. ஆர்க்காட்டு நவாபின் மகனார் உம்தத்-உல்-உமரா திருச்சிராப்பள்ளியில் 1770-களிலேயே சபையிற் சேர்க்கப்பட்டார். அரச குலத்தார்க்குக் கதவு எளிதில் திறந்தது. மற்றையோர்க்கு அங்ஙனமன்று. கல்கத்தாவில் பிரசன்னகுமார தத்தர் என்னும் இந்து 1863 முதல் விண்ணப்பித்தும் வங்காளத்துச் சபைத்தலைமை ஒன்பதாண்டுகள் மறுத்தது. தெய்வங்கள் பல கொண்டவர் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் நம்மனோர்க்குச் சுடுவது: சாதி பார்ப்பவர் எல்லாரையும் உடன்பிறப்பாகக் கொண்டு ஒரு பந்தியில் உண்பது எங்ஙனம் என்றனர். தம் மண்டபத்தில் நிறம் பார்த்தவர்கள் நம்மைச் சாதி பார்ப்பவர் என்றது நகைப்பிற்குரியதே. ஆயினும் கேட்டவர் தகுதியின்மையால் கேள்வி பொய்யாகிவிடாது.

தத்தர் சளைக்கவில்லை. இலண்டன் வரை வழக்காடி, 1872-இல் கல்கத்தாவின் ‘ஆங்கர் அண்டு ஹோப்’ லாட்ஜில் சேர்க்கப்பட்டார். முறைப்படி அன்று அவரிடமிருந்த காசையெல்லாம் வாங்கிக்கொண்டு, வடகிழக்கு மூலையில் நிறுத்தி, ஏழையர்க்கு ஏதேனும் இடுக என்று அவரையும் கேட்டிருப்பர்.