ஜஹாங்கீர் குறிவைத்த தலை

டப்ளின் நகரத்து செஸ்டர் பீட்டி நூலகத்தில் ஒரு மொகலாய ஓவியம் இருக்கிறது. 1616 வாக்கில் அபுல் ஹசன் தீட்டியது. உலக உருண்டையின் மேல் ஏறி நிற்கிறார் பேரரசர் ஜஹாங்கீர். கையில் வில். எதிரே நட்டுவைத்த ஈட்டியின் முனையில் கறுத்த தலை ஒன்று செருகப்பட்டிருக்கிறது. அம்பு அதில் பாய்கிறது. உச்சந்தலையில் ஆந்தை. போதாக்குறைக்கு, ஓவியத்துக்குள் எழுதியிருக்கும் பாரசீக வரிகள் அந்தத் தலைக்குரியவரின் நிறத்தை இரவோடு சேர்த்து ஏளனம் செய்கின்றன.

ஓவியம் தீட்டப்பட்டபோது அந்தத் தலை உடம்போடுதான் இருந்தது! அதன் சொந்தக்காரர் மேலும் பத்தாண்டுகள் வாழ்ந்து, எண்பதை நெருங்கிய வயதில், 1626-ல் நோய் மூப்பில் கண்ணை மூடினார். ஜஹாங்கீர் அவரைப் போரில் வென்று பிடித்ததும் இல்லை, நேரில் பார்த்ததும் இல்லை. முடியாத காரியத்தை ஓவியனிடம் சொல்லி முடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மாலிக் அம்பர். சென்ற வாரம் வங்காளத்தை ஆறே ஆண்டுகள் ஆண்ட ஹப்ஷி, அதாவது ஆப்பிரிக்க வம்சாவளி, சுல்தான்களைப் பார்த்தோம். அவர்கள் வாளால் ஏறி வாளால் விழுந்தவர்கள். தக்காணத்து அம்பரின் கதை வேறு தினுசு.

1548 வாக்கில் எத்தியோப்பியாவில் பிறந்த பையன். பெயர் சாப்பு. சிறு வயதிலேயே அடிமையாக விற்கப்பட்டு, செங்கடல் கரையின் மோக்கா, பிறகு பாக்தாத் என்று கைமாறினான். அம்பர் என்ற பெயரும் எழுத்தறிவும் வணிகர் ஒருவர் வீட்டில் கிடைத்தன. கடைசியில் தக்காணத்து அகமதுநகர் அரசின் பேஷ்வாவான, அதாவது தலைமை அமைச்சரான, செங்கிஸ் கான் அவனை வாங்கினார். அந்த செங்கிஸ் கானும் அடிமையாக வந்து உயர்ந்த ஹப்ஷி. அவரிடம் இருந்த ஹப்ஷி அடிமைகள் மட்டும் ஆயிரம் பேர். எத்தியோப்பியாவுக்கு இந்தியத் துணிகள் வேண்டியிருந்தன. விலையாகத் தங்கமும் தந்தமும் மனிதர்களும் கப்பலேறினார்கள். நம் நெசவாளர் நெய்த துணிக்கும் இந்தப் பையனின் விதிக்கும் தொடர்பு இருந்திருக்கலாம் என்று நினைத்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

தக்காண அரசவைகளில் அப்போது இரண்டு கட்சிகள். ஈரானிலிருந்து வந்து பதவி பிடித்தவர்கள் ஒரு பக்கம், உள்ளூர் தக்காணிகள் இன்னொரு பக்கம். யாரை நம்புவது என்று தெரியாத சுல்தானுக்கும் பிரபுவுக்கும் சுற்றமும் சொந்த ஊரும் இல்லாத ஆள் தேவைப்பட்டான். ஹப்ஷி அடிமை அந்த இடத்துக்குப் பொருந்தினான். சம்பளக் கூலிப்படையைவிட அவன் விசுவாசம் உறுதி. எஜமான் இறந்தால் பெரும்பாலும் விடுதலையும் உண்டு. 1570-களின் நடுவில் செங்கிஸ் கான் இறந்ததும் அவருடைய மனைவி அம்பரை விடுவித்தார். மாலிக் என்ற பட்டம் பிறகு பீஜப்பூரில் கிடைத்தது.

1600-ல் அகமதுநகர் கோட்டை மொகலாயர் கையில் விழுந்தது. அரசு முடிந்தது என்று டெல்லியிலும் ஆக்ராவிலும் நினைத்த நேரத்தில், நாட்டுப்புறத்தில் சிதறிக் கிடந்த வீரர்களைத் திரட்டினார் அம்பர். அரச வம்சத்து இளைஞன் ஒருவனைக் கண்டுபிடித்து முர்தஸா நிஜாம் ஷா என்று முடிசூட்டி, தன் மகளையும் கட்டிக்கொடுத்தார். 1610-ல் அவரிடம் பத்தாயிரம் ஹப்ஷிகளும் நாற்பதாயிரம் தக்காணிகளும் இருந்ததாக வில்லியம் ஃபிஞ்ச் என்ற ஆங்கிலேய வணிகர் எழுதியிருக்கிறார்.

கனமான பீரங்கிகளோடு வரும் மொகலாயரை நேருக்கு நேர் சந்திப்பதில்லை; மராத்தியரின் இலேசான குதிரைப்படையை வைத்துத் தானிய வண்டிகளை மடக்குவது, இரவில் அடித்துவிட்டு மலைக்குள் மறைவது. 1624-ல் பாத்வாடியில் ஏரிக்கரையை உடைத்து எதிரிகளின் பாசறை நிலத்தைச் சேறாக்கினார். மொகலாயரும் பீஜப்பூரும் சேர்ந்து வந்த படை அது. அம்பரின் பக்கம் அன்று போரிட்டவர்களில் ஒருவர் ஷாஹாஜி போன்ஸ்லே. சிவாஜியின் அப்பா. கொரில்லாப் போர் என்றதும் சிவாஜியிலிருந்து பேசத் தொடங்குவது நம் பழக்கம். ஒரு தலைமுறை பின்னால் போவது நியாயம்.

கிர்க்கி என்ற ஊரை 1610 வாக்கில் தலைநகராக எழுப்பி, மலையடிவாரத்திலிருந்து பூமிக்கடியில் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார். நஹர்-இ-அம்பரி என்று அதற்குப் பெயர். ஊரின் பெயரை அவர் மகன் ஃபத்தேநகர் என்று மாற்ற, 1653-ல் ஔரங்கசீப் தன் பெயரைச் சூட்டி ஔரங்காபாத் ஆக்கினார். இப்போது அது சத்ரபதி சம்பாஜி நகர். நிலத்தை அளந்து வளத்துக்கேற்ப வரி போட்ட அவருடைய ஏற்பாடும் தக்காணத்தில் பேர் வாங்கியது.

இத்தனை செய்த மனிதரின் நிறம் எப்போது பேச்சுக்கு வந்தது? வரலாற்றில் அது இரண்டு இடங்களில் உரக்கக் கேட்கிறது. ஒன்று ஜஹாங்கீரின் ஓவியமும் நினைவுக் குறிப்புகளும். இன்னொன்று அரண்மனைக்குள்ளேயே. 1617-ல் அம்பரை நேரில் கண்ட டச்சு வணிகர் பீட்டர் வான் டென் புரூக்கே எழுதிவைத்த சேதி இது: முர்தஸாவின் மூத்த மனைவி பாரசீகப் பெண். அவர் அம்பரின் மகளை அடிமைச் சிறுக்கி என்று இழித்துப் பேசினார். மருமகன் மனைவியை அடக்கவில்லை. அம்பர் இருவருக்கும் நஞ்சு வைத்து, அடுத்தவனை அரியணையில் ஏற்றினார். பதவி எவ்வளவு உயர்ந்தாலும், கோபம் வந்தால் பிறப்பைச் சுட்டிக்காட்ட ஒரு நாக்கு எப்போதும் இருந்தது.

ஆனால் மற்ற நாள்களில்? அம்பரின் பத்தாயிரம் ஹப்ஷிகள் என்ன ஆனார்கள் என்று தேடினால் தடயம் சீக்கிரமே மங்கிவிடுகிறது. அவர்களின் பிள்ளைகள் சுதந்திரமாகப் பிறந்தார்கள், தக்காணி மொழி பேசினார்கள், உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். இரண்டு மூன்று தலைமுறைகளில் தக்காணியாகவே ஆகிவிட்டார்கள். குல்தாபாதில் அம்பரின் கல்லறை இருக்கிறது. அவர் வழிவந்தோர் என்று தனியாக ஒரு சமூகம் அங்கே இல்லை. அதிகாரத்துக்குள் போனவர்களை அதிகாரம் கரைத்துக்கொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆப்பிரிக்க முகத்தோடு இன்றும் தனித்து நிற்பவர்கள் பெரும்பாலும் வேறு வழியாக வந்தவர்கள். உத்தர கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியாள் காடுகளில் வாழும் சித்திகள் அவர்களில் ஒரு பிரிவு. போர்ச்சுகீசியர் மொசாம்பிக் பக்கமிருந்து கோவாவுக்குக் கொண்டுவந்த அடிமைகளில், தப்பித்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் ஓடியவர்கள். அவர்களுக்குப் பட்டமும் இல்லை, பெண் கொடுக்க அரசனும் இல்லை. ஹவ்யகப் பிராமணர்களின் பாக்குத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என மூன்று மதத்திலும் இருக்கிறார்கள். கொங்கணி பேசுகிறார்கள், கன்னடம் பேசுகிறார்கள். எந்த மதமானாலும் ‘ஹிரியரு’ என்று முன்னோருக்குப் படையல் வைப்பார்கள். தமாமி ஆட்டத்துக்கு முழவு கொட்டுவார்கள். சாதியின் அடித்தட்டில் இடம் ஒதுக்கி, வெளியே சம்பந்தம் கிடைக்காமல் செய்த சமூகம்தான் அவர்களுடைய ஆப்பிரிக்காவை நானூறு ஆண்டுகள் அழியாமல் வைத்திருந்தது.

சுதந்திர இந்திய அரசுக்கு அந்த ஆப்பிரிக்கா ஒரு தடவை திடீரென்று ஞாபகம் வந்தது. 1980-களின் பிற்பகுதியில், மார்கரெட் ஆல்வா விளையாட்டுத் துறைக்குப் பொறுப்பாக இருந்தபோது, இந்திய விளையாட்டு ஆணையம் சித்திக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்துத் தடகளப் பயிற்சி கொடுத்தது. ஆப்பிரிக்க ரத்தம் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவரும் என்பது கணக்கு. சிலர் தேசிய அளவில் ஓடினார்கள், அந்த வழியில் அரசு வேலையும் கிடைத்தது. சில ஆண்டுகளில் திட்டத்தை இழுத்து மூடிவிட்டார்கள். மற்றவர்கள் பாதிப் பயிற்சியோடு காட்டுக்குத் திரும்பினார்கள். கால் வேகத்தை அளந்த அரசு, உத்தர கன்னடத்துச் சித்திகளைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது 2003-ல்தான். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதிச் சித்திகளுக்கு அது ஐம்பதுகளிலேயே கிடைத்திருந்தது.

2020-ல் சாந்தாராம் சித்தி கர்நாடக சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அந்தச் சமூகத்திலிருந்து சட்டமன்ற வளாகத்துக்குள் உறுப்பினராக நுழைந்த முதல் ஆள். 2023-ல் குஜராத் ஜாம்பூர் கிராமத்தின் ஹீராபாய் லோபி, சித்திப் பெண்களைச் சேமிப்புக்கும் விவசாயத்துக்கும் திரட்டியதற்காகப் பத்மஸ்ரீ பெற்றார். இன்றும் சித்தி இளைஞர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போனால் எந்த நாடு என்று கேட்கிறார்கள். அவர்கள் பதில் சொல்லும் கன்னடம் கேட்டவரின் கன்னடத்தைவிடச் சுத்தமாக இருக்கும்.

கரையாமலும் ஒடுங்காமலும், ஹப்ஷி என்ற அடையாளத்தோடேயே அரசாண்ட ஒரு கூட்டம் உண்டு. சிவாஜியாலும் பிடிக்க முடியாத கடற்கோட்டை அவர்களுடையது. 1948-ல்தான் அது இந்தியாவோடு சேர்ந்தது. அடுத்த வாரம் ஜஞ்சிரா.