ஏட்டுப் புள்ளியும் எண்பது நிரலும்

ஓலையில் எழுதிய நம் முன்னோர் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. குத்தினால் ஓலை கிழியும் என்பர். எழுதுபொருள் எழுத்தை ஆண்டது. கணனியிலும் இதே கதைதான், நேயர்களே.

வானியல் தரவுகளைச் சேமிக்கும் 'பிட்ஸ்' என்ற கோப்பு வடிவம் 1981 இல் வெளியாயிற்று. அதன் முகப்பில் ஒரு வரிக்கு 80 எழுத்துகள். ஏன் 80? ஐ.பி.எம். 1928 இல் கொண்டுவந்த துளையட்டையில் 80 நிரல்கள் இருந்தன. அட்டை போயிற்று, அளவு நின்றுவிட்டது. எந்தக் கருவி, எந்த நாள், என்ன அலகு என்பதை அம்முகப்பே சொல்லும், ஏட்டின் கடைசியில் பிரதி செய்தவர் பேரும் நாளும் எழுதிவைத்தாற்போல. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: புதிய திருத்தம் எதுவும் பழைய கோப்பைச் செல்லாததாக்கக் கூடாது. இந்த ஒன்றுக்காகவே அதை மெச்சலாம். வடிவம் மறந்துபோன காந்த நாடா வெறும் நாடாதானே! கொடைக்கானலில் 1904 முதல் தகடுகளிற் பதிந்த சூரியன் இன்று இவ்வடிவில் இருக்கிறது.

கடலாய்வாளர் கையாளும் 'நெற் சி.டி.எப்.' 1980களின் இறுதியில் அமெரிக்காவிற் பிறந்தது. 2008 இல் அதன் நான்காம் பதிப்பு 'எச்.டி.எப். 5' என்ற வேறொரு வடிவத்தின் மேல் ஏறி அமர்ந்தது, பெயர் மாறவில்லை.

முள்ளிக்குளத்துக்கு அப்பாலுள்ள முத்துப்பார்களை 1902 இல் ஆராய்ந்த ஹேர்ட்மன், 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக அறிக்கை அச்சிட்டார். படிக்கக் கண் போதும். ஆனால் அந்தச் சிப்பிக் கணக்கை இன்றைய அளவீட்டோடு ஒப்பிடவேண்டுமாயின், அச்செண்கள் முதலிற் கணனிக்குள் ஏறவேண்டும். ஏற்றியவற்றை யாரேனும் அச்சோடு ஒத்துப்பார்க்கவும் வேண்டும்.