விலைச்சீட்டுக்கு ஏழாண்டுச் சிறை

2022 மார்ச் 31ஆம் திகதி சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலுள்ள அங்காடியொன்றில் அலெக்சாண்ட்ரா ஸ்கொச்சிலென்கோ என்ற ஓவியர் ஐந்து விலைச்சீட்டுகளை மாற்றி வைத்தார். விலை இருக்க வேண்டிய இடத்தில் உக்ரேன் போர் பற்றிய சிறு வாசகங்கள் இருந்தன. அதனைக் கண்ணுற்ற முதிய வாடிக்கையாளர் ஒருவர் பொலிஸில் முறையிட்டார். 2023 நவம்பரில் நீதிமன்றம் ஏழு வருடச் சிறைத்தண்டனை விதித்தது.

போர் ஆரம்பமாகி எட்டே நாட்களில், 2022 மார்ச் 4ஆம் திகதி, அவசர அவசரமாக நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் விளைவே இது. இராணுவம் பற்றிய 'பொய்த் தகவல்' பரப்புவோருக்கு 15 வருடங்கள் வரை சிறையிட அது இடமளிக்கின்றது. எது பொய் என்பதற்கு நடைமுறையில் பாதுகாப்பு அமைச்சின் அறிக்கையே அளவுகோலாகியுள்ளது.

1993ஆம் ஆண்டின் ரஷ்ய அரசியலமைப்பு தணிக்கையைத் தடை செய்கின்றது என்பது இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. சோவியத் காலத்தில் தணிக்கை அலுவலகம் இருந்தது. அச்சேறுமுன் அது வாசித்தது. அக்காலமும் கொடியதே. கவிஞர் புரொட்ஸ்கி 1964இல் 'ஒட்டுண்ணி' எனத் தண்டிக்கப்பட்டதையும், 1966இல் சின்யாவ்ஸ்கியும் டானியலும் புனைகதை எழுதியமைக்காக முகாமுக்கு அனுப்பப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் மலிவு விலையில் தந்த தமிழ் நூல்களினூடாக ரஷ்ய இலக்கியத்தை நேசிக்கக் கற்ற எம்மில் பலர் இவற்றைப் பிற்காலத்திலேயே அறிந்தோம். ஆனால் இன்று எல்லைக்கோடு எங்கேயென்று எவருக்கும் தெரியாது. இதனால் எழுத்தாளரும் பதிப்பாளரும் தமக்குத் தாமே தணிக்கையாளராக வேண்டியுள்ளது.

நாடகாசிரியர் ஸ்வெத்லானா பெத்ரிச்சுக்கும் நெறியாளர் ஷென்யா பெர்கோவிச்சும் இதற்குத் தக்க உதாரணம். சிரியாவிலுள்ள ஆயுததாரிகளின் இணைய வலையில் வீழ்ந்து அவர்களை மணக்கத் துணிந்த ரஷ்யப் பெண்களைப் பற்றியது அவர்களது நாடகம். அதாவது, அத்தகைய மோசடிக்கு எதிரான எச்சரிக்கை. 2022இல் அது நாட்டின் உயரிய நாடக விருதான 'தங்க முகமூடி'யைப் பெற்றது. மறு ஆண்டு மே மாதம் இருவரும் கைதாயினர். பயங்கரவாதத்தை நியாயப்படுத்தினர் என்பது குற்றச்சாட்டு! இராணுவ நீதிமன்றம் மூடிய கதவுகளுக்குள் விசாரித்து 2024 ஜூலையில் தலா ஆறு வருடங்கள் விதித்தது. மேன்முறையீட்டில் சில மாதங்களே குறைந்தன. கவிஞருமான பெர்கோவிச்சின் போர் எதிர்ப்புக் கவிதைகளே மெய்யான காரணம் எனப் பலரும் கருதுகின்றனர். நாமும் அவ்வாறே கருதுகின்றோம்.

சிறைக்கு வெளியே இருப்போருக்கு முத்திரை குத்தப்படுகின்றது. 2012இல் தொண்டு நிறுவனங்களுக்காகக் கொண்டுவரப்பட்ட 'வெளிநாட்டு முகவர்' சட்டம் பின்னர் தனிநபர்களையும் சூழ்ந்தது. நாவலாசிரியை லுத்மிலா உலித்ஸ்கயா 2024இல் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டார். புலம்பெயர்ந்து வாழும் பொரிஸ் அக்கூனினோ 'பயங்கரவாதி' எனவும் பட்டியலிடப்பட்டார். பதிப்பகம் அவரது நூல்களின் விற்பனையை நிறுத்தியது. ஸ்டாலின் காலக் கொடுமைகளை ஆவணப்படுத்திய 'மெமோரியல்' அமைப்பைக் கலைக்க 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே அவ்வமைப்புக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதன் மூத்த செயற்பாட்டாளர் ஒலெக் ஓர்லோவ் ஒரு கட்டுரைக்காக 2024 பெப்ரவரியில் இரண்டரை வருடச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஸ்கொச்சிலென்கோவும் ஓர்லோவும் 2024 ஓகஸ்ட் 1ஆம் திகதி மேற்கு நாடுகளுடனான கைதிகள் பரிமாற்றத்தில் விடுவிக்கப்பட்டனர். மறுபுறத்தில், பேர்லினில் கொலை புரிந்து ஆயுட்தண்டனை அனுபவித்த ரஷ்ய உளவாளி ஒருவர் மொஸ்கோ திரும்பினார். ஜனாதிபதி புட்டின் விமான நிலையத்துக்கே சென்று அவரை வரவேற்றார். பெர்கோவிச், பெத்ரிச்சுக் ஆகியோரின் பெயர்கள் அப்பரிமாற்றப் பட்டியலில் இடம்பெறவில்லை.